போனில் வந்த தைரியம்

முதல் பிரசவத்தில் என் தங்கையோடு யாரையும் உள்ளே விடவில்லை. கிடைத்ததெல்லாம் 'கத்தாதே' என்ற அதட்டல்தான். இன்னொரு குழந்தையே வேண்டாம் என்றிருந்தவள், மறுபடி உண்டானதும் 'டூலா' ஒருவரிடம் ஏழாம் மாசத்திலிருந்து வாராவாரம் வீடியோ காலில் பேசினாள்.

டூலா என்பவர் டாக்டரோ நர்ஸோ இல்லை, பேறுகாலத் துணை. மருந்து தரமாட்டார். வலி வரும்போது மூச்சை எப்படி விடுவது, எப்படிச் சாய்ந்து நிற்பது, டாக்டரிடம் என்னென்ன கேட்பது என்று பொறுமையாகச் சொல்லித் தருவார். போனில் இடுப்பைப் பிடித்துவிட முடியாதே! அதனால் அம்மாவையும் உட்காரவைத்து, எங்கே அழுத்த வேண்டும் என்று காட்டிக் கொடுத்தார். இந்தத் தடவை பிரசவ அறையில் அம்மா கூடவே இருந்தார். "வலி குறையலைக்கா, பயம் போயிடுச்சு" என்கிறாள் தங்கை.

தமிழக அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உடன் ஒரு பெண் இருக்கலாம் என்ற திட்டம் 2004-லேயே வந்துவிட்டது. கேட்டு வாங்குங்கள், தோழிகளே! டூலாவுக்கு வசதியில்லாவிட்டால் பொறுமையான ஒரு அக்காவோ சித்தியோ போதும். ஆனால் ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் என்றால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.