ஜாவா வலைச் செயலி வழங்கியில் நினைவகக் கசிவைக் கண்டறிதல்

நினைவகக் கசிவு என்பது, ஒரு நிரல் தனக்கு இனித் தேவைப்படாத நினைவகத்தைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டே இருப்பதைக் குறிக்கும். சி மொழியில் நிரலர் கேட்டு வாங்கிய நினைவகத்தை அவரே விடுவிக்க வேண்டும், மறந்தால் கசிவு. ஜாவாவில் அந்தப் பொறுப்பைக் குப்பை சேகரிப்பான் ஏற்றுக்கொள்கிறது. ஆகவே ஜாவாவில் கசிவே வராது என்று புதிதாகக் கற்பவர்கள் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் நாள்கணக்கில், மாதக்கணக்கில் நிற்காமல் ஓட வேண்டிய டாம்கேட் போன்ற வழங்கிகளில் இது அடிக்கடி எதிர்ப்படும் சிக்கல்களில் ஒன்று. இக்கட்டுரை டாம்கேட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு, கசிவு எப்படி உண்டாகிறது, அதை எப்படித் தேடிப் பிடிப்பது என்பதை விளக்குகிறது.

குப்பை எது என்பதை யார் முடிவு செய்வது?

குப்பை சேகரிப்பான் ஒரு பொருளைப் பார்த்து "இது இன்னும் தேவையா?" என்று கேட்பதில்லை. "இதை எட்ட முடிகிறதா?" என்று மட்டுமே கேட்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் இழைகள், அவற்றின் உள்மாறிகள், ஏற்றப்பட்ட வகுப்புகளின் ஸ்டாட்டிக் மாறிகள் முதலியவை வேர்கள் எனப்படும். ஒரு வேரிலிருந்து புறப்பட்டு, சுட்டுகளைப் பிடித்துக்கொண்டே போனால் எட்டக்கூடிய ஒவ்வொரு பொருளும் உயிருள்ளதாகக் கருதப்படும். எட்ட முடியாதவை மட்டுமே குப்பை.

பள்ளியை விட்டுப் போன மாணவனின் பெயரை வருகைப் பதிவேட்டில் அடிக்காமல் விட்டால், காகிதத்தில் அவன் இன்னும் அந்த வகுப்பு மாணவன்தான். ஜாவாவின் கசிவும் இப்படிப்பட்டதே. நினைவகம் தொலைந்து போவதில்லை. யாரோ ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எனவே கசிவைத் தேடுவதென்றால் "எந்தப் பொருள் நிறைந்திருக்கிறது" என்று பார்ப்பதோடு நில்லாமல், "அதை யார் பிடித்திருக்கிறார்" என்றும் கேட்க வேண்டும். இரண்டாம் கேள்வியை விட்டுவிட்டு முதல் கேள்வியிலேயே நின்றுவிடுவதால்தான் பலருடைய தேடல் நாள்கணக்கில் இழுக்கிறது.

முதலில், இது கசிவுதானா?

நினைவகப் பயன்பாடு ஏறுவதெல்லாம் கசிவு அன்று. ஆரோக்கியமான ஜாவா செயலியின் வரைபடம் ரம்பப் பல்லைப் போல இருக்கும்: குவியல் நிறையும், குப்பை சேகரிப்பான் ஓடும், சட்டென்று இறங்கும், மறுபடி ஏறும். பல்லின் உச்சியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. முழுச் சேகரிப்பு முடிந்தபின் எஞ்சும் அளவைத்தான், அதாவது பல்லின் அடியைத்தான் கவனிக்க வேண்டும். அந்த அடி ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக மேலே ஏறிக்கொண்டே போனால் ஐயத்துக்கு இடமுண்டு. ஜேடிகேயுடன் வரும் ஜேஸ்டாட் கருவி இதை முனையத்திலேயே காட்டும். லினக்ஸின் டாப் கட்டளை காட்டும் அளவை நம்பி முடிவெடுக்கக் கூடாது; ஜாவா மெய்நிகர் இயந்திரம் இயங்குதளத்திடம் வாங்கிய இடத்தை, உள்ளே காலியாக இருந்தாலும், உடனே திருப்பித் தந்துவிடுவதில்லை.

இன்னொரு குழப்பம் பயனர் அமர்வுகளால் வருவது. டாம்கேட்டில் ஓர் அமர்வு இயல்பாக 30 நிமிடம் உயிரோடிருக்கும். பகலில் கூட்டம் மிகுந்தால் அமர்வுகள் குவியும். இரவில் கூட்டம் குறைந்ததும் அடி இறங்கிவிடும். அது சுமை, கசிவன்று. தேடுபொறிகளின் வலைத்தள ஊர்விகள் பெரும்பாலும் குக்கியை ஏற்பதில்லை என்பதால், அவை கேட்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புதிய அமர்வு பிறந்துவிடக்கூடும். இதற்காகவே டாம்கேட் 7இல் ஊர்விகளின் அமர்வை ஒன்றாக்கும் ஒரு வால்வு சேர்க்கப்பட்டது.

பிழைச் செய்தியையும் முழுதாகப் படிக்க வேண்டும். "அவுட் ஆஃப் மெமரி எரர்" என்ற ஒரே பெயரில் பல நோய்கள் வருகின்றன. அதன் பின்னால் "ஜாவா ஹீப் ஸ்பேஸ்" என்றிருந்தால் குவியலில் இடமில்லை. "ஜிசி ஓவர்ஹெட் லிமிட் எக்ஸீடட்" என்றால், ஏறத்தாழ 98 விழுக்காடு நேரத்தைச் சேகரிப்பிலேயே செலவிட்டும் 2 விழுக்காட்டுக்கும் குறைவான இடமே மீண்டது என்று பொருள். "மெட்டாஸ்பேஸ்" என்றால் வகுப்புகளைப் பற்றிய தகவல்கள் நிறைந்துவிட்டன. புதிய இழையை உருவாக்க முடியவில்லை என்ற செய்திக்கும் குவியலுக்கும் பெரும்பாலும் தொடர்பே இராது. எந்தச் செய்தியும் இல்லாமல் வழங்கி திடீரென்று மறைந்துபோனால், லினக்ஸ் கருனியே அதைக் கொன்றிருக்கலாம். அதற்கான தடயம் ஜாவாவின் பதிவுக்கோப்பில் இராது, கருனியின் பதிவில்தான் இருக்கும்.

குவியலின் உச்சவரம்பான எக்ஸ்எம்எக்ஸ் மதிப்பை இரட்டிப்பாக்குவது பலர் செய்யும் முதல் வைத்தியம். உண்மைக் கசிவாயிருந்தால் இது விழும் நாளைத் தள்ளிப்போடும், அவ்வளவே. போதாக்குறைக்கு, பெரிய குவியலில் உயிருள்ள பொருள்கள் மிகும்போது முழுச் சேகரிப்பின் இடைநிறுத்தமும் நீளும். இரவுதோறும் வழங்கியை மறுதொடக்கம் செய்வதும் இதே வகைதான். அவசரத்துக்கு அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு மறுதொடக்கமும் தடயத்தை அழித்துவிடுகிறது. முதலில் நகல் எடுத்துக்கொண்டு பிறகு நிறுத்துங்கள்.

குவியல் நகலும் அதைப் படிக்கும் முறையும்

குவியல் நகல் என்பது ஒரு கணத்தில் குவியலில் இருந்த எல்லாப் பொருள்களையும் அவற்றுக்கிடையிலான சுட்டுகளையும் கோப்பில் இறக்கிவைப்பது. "ஹீப் டம்ப் ஆன் அவுட் ஆஃப் மெமரி எரர்" என்ற விருப்பத்தை வழங்கியின் தொடக்க அமைப்பில் சேர்த்துவிட்டால், செயலி விழும் வேளையில் நகல் தானாகவே எடுக்கப்படும். ஓடும்போதே எடுக்க ஜேகமாண்ட் அல்லது ஜேமேப் உதவும். நகலெடுக்கும் நேரம் முழுதும் செயலி உறைந்து நிற்கும். பல ஜிகாபைட் குவியலானால் பயனர்கள் அதை உணர்வார்கள். கோப்பும் கிட்டத்தட்ட உயிருள்ள குவியலின் அளவுக்கு வரும் என்பதால் வட்டில் இடமிருக்கிறதா என்று முன்பே பார்க்க வேண்டும். இன்னொன்று: அந்தக் கோப்பில் கடவுச்சொற்கள், பயனர்களின் தகவல்கள் எல்லாம் படிக்கக்கூடிய எழுத்துகளாகவே கிடக்கும். உதவி கேட்டு அதை வெளியாருக்கு அனுப்பும் பழக்கம் ஆபத்தானது.

நகலுக்கு முன், மலிவான ஒரு வழி உண்டு. ஜேமேப் தரும் வகுப்புவாரிக் கணக்கை ஒரு மணி நேர இடைவெளியில் இருமுறை எடுத்து ஒப்பிடலாம். பட்டியலின் உச்சியில் எப்போதும் பைட் அணிகளும் ஸ்ட்ரிங்குகளும்தான் நிற்கும். ஜாவா 8 வரை பைட் அணிக்குப் பதிலாக எழுத்து அணி நிற்கும். புதியவர்கள் அங்கேயே தேடத் தொடங்கி நேரத்தை வீணாக்குகிறார்கள். எந்தச் செயலியிலும் சரங்கள்தாம் மிகுதி. கண்ணைக் கீழே இறக்கி, நம் சொந்தத் தொகுப்பின் பெயரில் தொடங்கும் வகுப்புகளைத் தேட வேண்டும். ஐம்பது பேர் பயன்படுத்தும் நேரத்தில் பத்தாயிரம் கோரிக்கைப் பொருள்கள் நின்றால், அங்கே ஒரு நூல் முனை கிடைத்துவிட்டது.

முழு நகலைப் படிக்க எக்லிப்ஸ் மெமரி அனலைசர் பெரிதும் பயன்படுகிறது. எஸ்ஏபி நிறுவனத்தில் உருவாகி, பின்னர் எக்லிப்ஸ் திட்டத்துக்கு வழங்கப்பட்ட கட்டற்ற கருவி இது. இதில் இரு அளவுகளைப் பிரித்தறிய வேண்டும். ஒரு பொருள் தான் மட்டும் அடைத்துக்கொள்ளும் இடம் ஒன்று. அந்தப் பொருள் நீங்கினால் அதனோடு சேர்ந்து விடுபடக்கூடிய மொத்த இடம் மற்றொன்று. ஒரு ஹேஷ்மேப் தன்னளவில் சில பத்து பைட்டுகளே. அது பிடித்திருப்பது ஒரு ஜிகாபைட்டாக இருக்கலாம். கருவியின் ஆதிக்க மரம் இந்த இரண்டாம் அளவின்படி வரிசைப்படுத்திக் காட்டும். ஐயத்துக்குரிய பொருளைத் தெரிவுசெய்து, வேர்வரை செல்லும் பாதையைக் கேட்டால், பிடித்திருப்பவர் யார் என்பது தெரிந்துவிடும். கேட்கும்போது வலுவற்ற சுட்டுகளை விலக்கச் சொல்ல வேண்டும்; அவை சேகரிப்பைத் தடுப்பதில்லை.

பிடித்திருப்பவர் பெரும்பாலும் பழகிய முகமாகவே இருப்பார். தற்காலிகச் சேமிப்பாகத் தொடங்கி, எதையும் நீக்காமல் விடப்பட்ட ஸ்டாட்டிக் மேப் முதலிடம் பெறும். சாவியாகப் பயன்படும் வகுப்பில் ஈக்வல்ஸ், ஹேஷ்கோட் ஆகிய முறைகளை எழுதாமல் விட்டால், ஒரே விவரம் ஒவ்வொரு முறையும் புதிய பதிவாகச் சேரும். நீக்கச் சொன்னாலும் நீங்காது. பதிவுசெய்துவிட்டு விலக்க மறந்த கவனிப்பான்களும், அமர்வில் திணிக்கப்பட்ட பெரும் தேடல் முடிவுகளும் அடுத்தடுத்து வரும்.

மறுநிறுவலில் பிறக்கும் கசிவு

வலைச் செயலி வழங்கிக்கே உரிய கசிவு ஒன்று உண்டு. வழங்கியை நிறுத்தாமல் செயலியின் புதிய பதிப்பை நிறுவும்போது இது பிறக்கிறது. டாம்கேட் ஒவ்வொரு செயலிக்கும் ஒரு தனி கிளாஸ்லோடரை, அதாவது வகுப்பேற்றியை, உருவாக்குகிறது. செயலியை நீக்கும்போது அந்த ஏற்றியும் குப்பையாகிப் போக வேண்டும்.

ஆனால் ஜாவாவில் ஒவ்வொரு பொருளும் தன் வகுப்பைச் சுட்டுகிறது. வகுப்பு தன்னை ஏற்றிய ஏற்றியைச் சுட்டுகிறது. ஏற்றியோ தான் ஏற்றிய எல்லா வகுப்புகளையும், அவை வழியே அவற்றின் ஸ்டாட்டிக் மாறிகளையும் சுட்டுகிறது. ஆகவே செயலிக்கு வெளியே இருக்கும் யாரோ ஒருவர் செயலியின் ஒரே ஒரு சிறு பொருளைப் பிடித்திருந்தால் போதும்; பழைய செயலி முழுதும் நினைவகத்தில் தங்கிவிடும். பத்து முறை மறுநிறுவினால் பத்துப் பழைய செயலிகள்.

வெளியே இருந்து பிடிப்பவர்களில் முதன்மையானது ஜேடிபிசியின் டிரைவர் மேனேஜர். அது ஜாவாவுடன் வரும் வகுப்பு. வழங்கி வாழும்வரை வாழும். செயலியின் லிப் கோப்புறையிலிருந்து ஏற்றப்பட்ட தரவுத்தள டிரைவர் அதில் தன்னைப் பதிந்துகொள்ளும், நீங்கும்போது தானாக விலகாது. அடுத்தது, செயலி தொடங்கிவிட்டு நிறுத்த மறந்த இழைகள். மைஎஸ்கியூஎல் இணைப்பான் கைவிடப்பட்ட இணைப்புகளைத் துப்புரவு செய்ய ஓர் இழையைத் தானே தொடங்கும். அதை நிறுத்தும் முறையும் அதே வகுப்பில் இருக்கிறது, ஆனால் அழைப்பாரில்லை.

த்ரெட்லோக்கல் சற்று நுட்பமானது. டாம்கேட்டின் இழைகள் ஒரு தொகுப்பில் இருந்து மீண்டும் மீண்டும் பயன்படுகின்றன. கோரிக்கை முடிந்தாலும் இழை சாவதில்லை. இழையின் உள்ளே த்ரெட்லோக்கல் சாவி வலுவற்ற சுட்டாக இருந்தாலும், அதன் மதிப்பு வலுவான சுட்டாகவே இருக்கும். அந்த மதிப்பு ஜாவாவின் சொந்த வகுப்பைச் சேர்ந்த ஒரு சிம்பிள் டேட் ஃபார்மேட் என்றால் தங்குவது அந்தச் சிறு பொருள் மட்டுமே. அதே இடத்தில் நம் செயலி எழுதிய ஒரு வகுப்பின் பொருளை வைத்தால் முழுச் செயலியும் தங்கிவிடும். ஹேஷ்மேப்பை நீட்டி நிரலுக்குள் பெயரின்றி எழுதிய துணைவகுப்பும் நம் வகுப்புதான். பார்வைக்கு வெறும் ஹேஷ்மேப் போல் தோன்றி ஏமாற்றும். மதிப்பை வைத்த இடத்திலேயே, ஃபைனலி பகுதியில் ரிமூவ் முறையை அழைப்பது இதற்கு மாற்று.

ஜாவா 7 வரை இக்கசிவு "பெர்ம்ஜென் ஸ்பேஸ்" என்ற பிழையாக வெளிப்பட்டது. அந்த இடம் சிறியது என்பதால் சில மறுநிறுவல்களிலேயே வழங்கி விழும். 2014இல் வந்த ஜாவா 8 பெர்ம்ஜென்னை நீக்கி மெட்டாஸ்பேஸைக் கொண்டுவந்தது. சிக்கல் தீர்ந்தது என்று சிலர் எழுதினர். தீரவில்லை. மெட்டாஸ்பேஸுக்கு இயல்பாக உச்சவரம்பு இல்லாததால் நோயின் அறிகுறி தாமதமாகத் தெரிகிறது, சில வேளை கருனி செயலியைக் கொல்லும்போதுதான் தெரிகிறது. ஒரு வரம்பை நாமே இட்டுவைப்பது நல்லது.

2010இல் வெளிவந்த டாம்கேட் 6.0.24 பதிப்பிலிருந்து, செயலி நீக்கப்படும்போது வழங்கி இத்தகைய பிடிகளைத் தேடுகிறது. மறந்துபோன டிரைவர்களைத் தானே விலக்கிவிட்டுப் பதிவுக்கோப்பில் எச்சரிக்கை எழுதுகிறது. நிறுத்தப்படாத இழைகளின் பெயரையும் சொல்கிறது. இந்த எச்சரிக்கைகளை வழங்கி நிற்கும்போது வரும் இரைச்சல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தேட வேண்டிய விடை பல நேரம் அந்த வரியிலேயே எழுதப்பட்டிருக்கும். மேலாளர் பக்கத்தில் கசிவைத் தேடும் பொத்தானும் இருக்கிறது. அது முழுச் சேகரிப்பைத் தூண்டும் என்பதால் கூட்டமான நேரத்தில் அழுத்தக் கூடாது.

குவியல் நகலில் பார்ப்பதானால், வெப்ஆப் கிளாஸ்லோடர் என்று பெயரில் வரும் வகுப்பின் பொருள்களை எண்ண வேண்டும். ஒரே செயலிக்கு இரண்டு ஏற்றிகள் இருந்தால் ஒன்று இறந்திருக்க வேண்டியது. அதன் நிலையைக் காட்டும் மாறியே அதைச் சொல்லும். அந்த ஏற்றியிலிருந்து வேர்வரை பாதை கேட்டால் குற்றவாளி வெளிப்படுவார்.

சரிசெய்யும் இடம் பெரும்பாலும் சர்வ்லெட் கான்டெக்ஸ்ட் லிசனர்தான். செயலி முடியும்போது அதில் அழைக்கப்படும் முறையில், நாம் தொடங்கிய இழைத்தொகுப்புகளை நிறுத்தி, டிரைவர்களை விலக்கி, கவனிப்பான்களைக் கழற்ற வேண்டும். தரவுத்தள டிரைவரைச் செயலிக்குள் வைக்காமல் டாம்கேட்டின் பொது லிப் கோப்புறையில் வைத்து, இணைப்புத் தொகுப்பை வழங்கியிடமே ஒப்படைப்பது இன்னும் எளிது.

திருத்தியபின் சோதனைக் கணினியில் குவியலை வேண்டுமென்றே சிறிதாக்கி, ஜேமீட்டர் போன்ற கருவியால் சுமையேற்றிப் பாருங்கள். செயலியைப் பத்து முறை மறுநிறுவி, முழுச் சேகரிப்பு ஒன்றை ஓடவிட்டு, ஏற்றிகளை எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் நின்றால் அதன் பாதையை மறுபடி கேளுங்கள்; முதல் பிடியை விடுவித்தபின்தான் இரண்டாவது கண்ணில் படுவது வழக்கம்.