இணையத்தில் இல்லாத நூலுக்கு இரவல்தான் வழி

கிள்ளானில் பணிபுரியும் தமிழாசிரியர் ஒருவர் முதுகலை ஆய்வேட்டுக்கு ஒரு கட்டுரை தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பெல்லாம் பல்கலைக்கழக நூலகத்தில் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். தம்மிடம் இல்லாததை நூலகர் வேறொரு நூலகத்திடம் கேட்டு, நகலாகவோ நூலாகவோ தருவிப்பார். மலேசியாவில் பெர்புன் அமைப்பிலுள்ள பல்கலைக்கழக நூலகங்களும் தேசிய நூலகமும் இப்படி ஒன்றுக்கொன்று உதவிக்கொள்கின்றன.

ஆய்வுக் கட்டுரைகளை எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம் என்ற திறந்த அணுகல் முறையை 2002இல் புடாபெஸ்ட் அறிக்கை உலகெங்கும் முன்வைத்தது. இன்று மலாயாப் பல்கலைக்கழகத்தின் ‘தமிழ்ப் பேராய்வு’ இதழை வீட்டிலிருந்தே படிக்கலாம். சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதியைத் தேடித்தரும் அன்பேவால் போன்ற கருவிகளும் வந்துவிட்டன. இவற்றுக்கெல்லாம் இரவல் கேட்கத் தேவையில்லை.

சிக்கல் பழைய நூல்களில்தான். மலேசியத் தமிழ் நாவல்கள், கவிதைத் தொகுப்புகள் பலவும் ஒரே பதிப்போடு நின்றவை. பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் தேடினாலும் அகப்படாது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 50 ஆண்டுகள் வரை உரிமை நீடிக்கும். 1980இல் மறைந்தவரின் நூலை 2030 முடியும் வரை அனுமதியின்றி இணையத்தில் ஏற்ற முடியாது. தமிழ்நாட்டில் அரசு பரிவுத்தொகை கொடுத்துப் பல எழுத்தாளர்களின் நூல்களை நாட்டுடைமையாக்கியதால், அவற்றை எவரும் தயங்காமல் மின்னூலாக்க முடிகிறது. நம் எழுத்தாளர்களுக்கு அந்த வாய்ப்பு அமையாதது பெரும் குறை.

நூல் இருந்தும் கண்ணில் படாமல் போவதுண்டு. நூலகப் பட்டியல்களில் தமிழ்த் தலைப்புகள் பெரும்பாலும் ரோமன் எழுத்தில் உள்ளன. அங்கே ழகரம் என்பது அடிக்கோடிட்ட ‘எல்’. தேடுபவரோ ‘இசட் எச்’ என்று தட்டுகிறார். ‘இல்லை’ என்று திரை சொல்லும்போது, தமிழறிந்த நூலகர் வேறு எழுத்துக்கூட்டலில் தேடி எடுத்துவிடுவார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூட முன்னின்ற தனிநாயகம் அடிகள், அதே ஆண்டில் தமிழியல் நூல்களுக்கு வழிகாட்டிப் பட்டியலையும் வெளியிட்டார். என்ன நூல் இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்?

ஆகவே, கோரிக்கைகள் குறைந்தன என்பதற்காக இரவல் பிரிவில் ஆள்குறைப்புச் செய்வது தவறு. எஞ்சியிருப்பவை அதிக உழைப்பு கேட்பவை. மறைந்த எழுத்தாளர்களின் வாரிசுகள் எழுத்துவழி அனுமதி தந்தால், நூலகங்கள் அந்நூல்களை மின்வருடி எல்லாருக்கும் திறந்துவிடலாம். அதுவரை அந்த ஒற்றைப் பிரதி அஞ்சலில்தான் போய்வர வேண்டும்.