கசற்றை எறியாதீர்கள்

லண்டனின் மிச்சம் (Mitcham) பகுதியில் எங்கள் தெருவைச் சுற்றியுள்ள தமிழ் வீடுகளில் யாராவது பழைய வீடியோ டெக்கை அலுமாரியிலிருந்து இறக்கினால், அன்று மாலையே எனக்குத் தொலைபேசி வரும். "தம்பி, ரிவி நீலமாவே நிக்குது. நோ சிக்னல் எண்டு காட்டுது. கசற் பழுதாப் போச்சு போல, எறிஞ்சு விடட்டோ?" எறியாதீர்கள் அக்கா, வந்து பார்க்கிறேன் என்பேன். பெரும்பாலும் கசற்றில் படம் அப்படியேதான் இருக்கும். அதை வாங்கத் தெரியாமல் நிற்பது புது ரிவி.

அந்தக் கசற்றுகளில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் ஊரில் நடந்த கலியாணவீடுகள், சாமத்தியவீடுகள், கோயில் திருவிழாக்கள். பந்தலுக்குப் பின்னால் தெரியும் வீடு இன்று இல்லை. பந்தியில் பரிமாறுகிறவர்களில் பலரும் இல்லை. இடம்பெயர்வுகளில் அல்பங்களைத் தொலைத்த குடும்பங்களுக்கு, லண்டனில் இருந்த உறவினருக்குத் தபாலில் வந்த ஒரு பிரதிதான் எல்லாம். அதை "வேலை செய்யாது" என்று குப்பைப் பையில் போட்ட வீடுகளை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

சிக்கல் விளங்க வேண்டுமானால், பழைய ரிவி படம் காட்டிய விதம் தெரிய வேண்டும். அதன் கண்ணாடிக் குழாய்க்குள் இலத்திரன் கற்றை ஒன்று இடமிருந்து வலமாகக் கோடு கோடாக ஓடும். ஒரு படத்துக்கு 625 கோடுகள், செக்கனுக்கு 25 படங்கள். ஒவ்வொரு படமும் ஒன்றுவிட்ட கோடுகளாக இரண்டு பாதிகளில் வரும். இந்தக் கோடுகளில் நிறத்தைச் சேர்த்த விதம்தான் 'பால்' முறை. ஜேர்மனியில் டெலிஃபுங்கன் நிறுவனத்தில் வால்டர் புரூக் அறுபதுகளில் உருவாக்கியது. பிரித்தானியாவின் வழக்கமான வண்ண ஒளிபரப்பு 1967 ஜூலை 1 அன்று, பிபிசி 2இல், விம்பிள்டன் டென்னிஸோடு இதே முறையில்தான் தொடங்கியது. விம்பிள்டனும் மிச்சமும் ஒரே மேர்ட்டன் நகரசபைக்குள் இருப்பவை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. இலங்கையும் இந்தியாவும் இதே முறையையே எடுத்துக்கொண்டதால், யாழ்ப்பாணத்துக் கசற் இங்குள்ள டெக்கில் தடையில்லாமல் ஓடும்.

ரொறன்ரோவிலிருந்து வந்த கசற் அப்படியல்ல. வட அமெரிக்க முறையில் 525 கோடுகள், செக்கனுக்கு ஏறத்தாழ 60 அரைப்படங்கள். தொண்ணூறுகளில் இங்கே விற்ற பல டெக்குகள் அதையும் ஓட்டும்; ஆனால் வெளியே அனுப்புவது இரண்டும் கலந்த ஒரு சமிக்ஞை. குழாய் ரிவிகள் பல அதை ஏற்றன. டெக்கின் சமிக்ஞையைப் புது ரிவிக்கு ஏற்ப மாற்றும் இன்றைய மலிவான மாற்றிகள் சிலவற்றில் நிறம் போய்விடும். பரிஸ் கசற் இன்னொரு கதை. பிரான்ஸின் 'சேகாம்' முறையில் கோடுகள் அதே 625தான், நிறத்தைப் பதியும் விதம் வேறு. அதை 'பால்' டெக்கில் போட்டால் கூறைச்சேலை கறுப்பு வெள்ளையில் தெரியும். நிறம் அழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். சேகாம் தெரிந்த டெக் ஒன்று கிடைத்தால் சிவப்பு திரும்பி வரும். நாங்கள் சிதறிய நாடுகளின் கணக்குக்கே எங்கள் கலியாணங்களும் மூன்று விதமாகப் பதிவாகிக் கிடக்கின்றன.

டெக்கின் பின்னால் அகலமான 21 முனைச் செருகி இருக்கும். ஸ்கார்ட் என்பார்கள். பிரான்ஸில் பிறந்து ஐரோப்பா முழுவதும் பரவியது. புது ரிவிகளில் அது இல்லை, எச்.டி.எம்.ஐ.தான். உடனே ஒரு முனை ஸ்கார்ட், மறுமுனை எச்.டி.எம்.ஐ. என்றுள்ள வெறும் வயரை வாங்கிவிடுகிறார்கள். அது வேலை செய்யாது. டெக்கிலிருந்து வருவது ஏறி இறங்கும் மின்னழுத்தம், எச்.டி.எம்.ஐ. எதிர்பார்ப்பது எண்கள். இடையில் அந்த அழுத்தத்தை அளந்து எண்ணாக்க ஒரு மின்சுற்று வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும். அதைச் செய்யும் மாற்றிப் பெட்டியில் அம்புக்குறி எந்தப் பக்கம் என்றும் பாருங்கள்: எச்.டி.எம்.ஐ.யை ஸ்கார்ட்டாக்கும் பெட்டியும் பார்க்க அச்சு அசலாக இப்படியே இருக்கும். வாங்கப் போகுமுன் ரிவியின் பின்பக்கத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள். சிலவற்றில் டெக்கை நேரே மாட்டக்கூடிய, ஏ.வி. என்று எழுதிய சிறு துளை இன்னும் உண்டு.

இவ்வளவும் சரியாக இருந்தும் நீலத்திரை போகாத வீடுகள் உண்டு. அங்கேதான் ஆட்கள் மனம் விட்டுவிடுகிறார்கள்.

டெக்குக்குள், நாடாவைப் படிக்கும் தலைகள் பொருத்திய உருளை நிமிடத்துக்கு 1500 தடவை சுழலும். ஒரு கோட்டுக்குரிய நேரம் ஒரு செக்கனின் பத்து லட்சத்தில் 64 பங்கு. முப்பது வருடம் கிடந்த நாடா சற்று நீண்டிருக்கும், சுருங்கியிருக்கும். அதனால் ஒரு கோடு முந்தி வரும், அடுத்தது பிந்தி வரும். குழாய் ரிவி அந்தத் தள்ளாட்டத்தின் பின்னாலேயே இழுபட்டுப் போகும்; படத்தின் மேல்விளிம்பு வளையும், அவ்வளவுதான். எண்களால் கணக்குப் பார்க்கும் ரிவி குறித்த நேரத்தில் கோடு வராவிட்டால் படத்தையே மறைத்துவிட்டு "நோ சிக்னல்" என்கிறது. ஒவ்வொரு கோட்டையும் பிடித்து வைத்து, நேரம் பார்த்து வெளியே விடும் கருவி இதற்கு மருந்து. பானசோனிக்கின் என்.வி. எஃப்.எஸ். 200 போன்ற உயர்தர டெக்குகளில் அது உள்ளேயே இருந்தது. நான் கைகொடுக்க வைத்திருப்பது அதே நிறுவனத்தின் பழைய டி.வி.டி. ரெக்கோடர், இ.எஸ். 15. டெக்குக்கும் மாற்றிக்கும் நடுவில் அதை வைத்ததும் பல வீடுகளில் நீலம் விலகிப் படம் நிலைத்து நின்றிருக்கிறது.

கசற்றை உள்ளே தள்ளுமுன் அதன் ஒளிபுகும் சாளரத்தால் சுருளின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் ஓட்டவே கூடாது. தலைகளில் ஒட்டி அடுத்த கசற்றையும் கெடுக்கும். படம் வந்த பிறகு ரிவியின் அமைப்பில் 4:3ஐத் தேர்ந்தெடுங்கள். மெலிந்த மணப்பெண்ணை அகலத் திரைக்கு இழுத்துப் பார்ப்பது அவருக்குச் செய்யும் அநியாயம்.

2012 ஏப்ரலில் லண்டனின் கிறிஸ்டல் பலஸ் கோபுரத்தின் அனலாக் ஒளிபரப்பு நின்றபோது, இனி இதில் எதையும் பதிய முடியாது என்று பல வீடுகளில் டெக்குகளை வீசிவிட்டார்கள். 2016 ஜூலையில் ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் டெக் தயாரிப்பை நிறுத்தியது. அதன் பிறகு புது டெக் எவரும் செய்யவில்லை. இருப்பவற்றின் பட்டிகள் இறுகுகின்றன, இறப்பர் உருளைகள் வழுக்குகின்றன. ஆகவே படம் வந்த அன்றே கணினியில் பதிந்துவிடுங்கள். திரையை ஃபோனால் படமெடுப்பது போதாது. பதியும்போது வீட்டில் மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்தி, பந்தலில் நிற்பவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு, அந்த விவரத்தைக் கோப்பின் பெயரிலேயே எழுதி, இரண்டு வேறு வீடுகளில் ஒவ்வொரு பிரதி வையுங்கள்.