நரம்பைப் பற்றும் கிருமி

செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-ல் லேடி வில்லிங்டன் பெயரில் தொழுநோய் மருத்துவமனை ஒன்று தொடங்கப்பட்டது. 1955-ல் மத்திய அரசு அதை ஏற்று, தொழுநோய்க்கான பயிற்சி, ஆராய்ச்சி நிறுவனமாக மாற்றியது. 1947-ல் வேலூரிலிருந்து அங்கே வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் தன் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். பிடி வலித்தது. எதற்கும் உதவாதென்று ஊர் ஒதுக்கிய கைக்குள் நல்ல வலுவான தசைகள் இருந்தன. பழுதாகியிருந்தவை சில நரம்புகள் மட்டுமே.

தொழுநோயில் விரல் அழுகி உதிர்கிறது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். கிருமி விரலைத் தின்பதில்லை; நரம்பைத்தான் பழுதாக்குகிறது. உணர்வு போன கைக்கு டம்ளரின் சூடு தெரியாது. உணர்வு போன காலுக்கு முள் தைத்தது தெரியாது. கவனிப்பாரற்ற புண் எலும்புவரை போய்த்தான் விரல் குறுகுகிறது.

சரி, இந்தக் கிருமி ஏன் நரம்பையே தேடிப் போகிறது?

1873-ல் நார்வேயில் ஹான்சன் கண்டறிந்த மைக்கோபாக்டீரியம் லெப்ரே, கிளமிடியா என்ற பாக்டீரியாவைப் போல உயிருள்ள செல்லுக்குள்தான் பெருகும். ஆய்வகத் தட்டில் இதை வளர்க்க இன்றுவரை முடியவில்லை. கிளமிடியா இரண்டு மூன்று நாளில் ஒரு சுற்றை முடித்துவிடும். இது இரண்டாகப் பிரியவே ஏறக்குறைய இரண்டு வாரம் பிடிக்கும். தொற்றியபின் முதல் தேமல் தெரியச் சராசரியாக 5 ஆண்டு, சிலருக்கு 20 ஆண்டுகூட ஆகும்.

மின்கம்பிக்கு உறைபோல நரம்பிழையைச் சுற்றியிருப்பவை ஷ்வான் செல்கள். அவற்றின்மேல் மெல்லிய புரதப் படலம் உண்டு. அதிலுள்ள புரதங்களில் ஒன்று லாமினின்-2. கிருமியின் மேற்பரப்பிலோ, நுனியில் மூன்று சர்க்கரைகளைத் தாங்கிய ஒருவகைக் கொழுப்பு இருக்கிறது. அந்தச் சர்க்கரைகள் லாமினினில் ஒட்டிக்கொள்கின்றன. லாமினினின் மறுமுனையைச் செல்லின் டிஸ்ட்ரோகிளைக்கான் என்ற புரதம் ஏற்கெனவே பற்றியிருக்கிறது. ஆக, நரம்பு தன் கட்டுமானத்துக்காக வைத்திருக்கும் புரதத்தின் வழியாகவே கிருமி செல்லோடு சேர்ந்துவிடுகிறது. 1997 முதல் 2000 வரை நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அனுரா ரம்புக்கனாவின் குழு இதைப் படிப்படியாக நிறுவியது. எத்தனையோ தலைமுறைகள் பாவத்தின் சம்பளம் என்று சொன்ன நோய்க்கு, மூன்று சர்க்கரைகளில் தொடங்கும் விளக்கம் கிடைத்தது! அப்படியிருந்தும் தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக வைத்திருந்த நம் சட்டப்பிரிவுகள் நீங்க 2019 ஆனது. அத்தனை தாமதத்துக்கு நியாயமே இல்லை.

உடலில் குளிர்ச்சியான இடங்கள் இக்கிருமிக்கு ஏற்றவை. அதனால் தோலுக்கு அருகில் ஓடும் நரம்புகள்தான் அதிகம் அடிபடும். முழங்கையின் உட்புறம் விரலால் தடவிப் பார்த்தால் தடித்த நரம்பு கயிறுபோல் தட்டுப்படும். கிருமி மட்டுமல்ல, அதை எதிர்க்கும் உடலின் தற்காப்பும் வீக்கத்தை உண்டாக்கி நரம்பை நெரிக்கிறது.

ரிஃபாம்பிசின் உள்ளிட்ட கூட்டு மருந்தை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகத் தருகிறார்கள். நோயின் தன்மைக்கேற்ப 6 அல்லது 12 மாதம். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவுவது நின்றுவிடும். ஆனால் வெகுநாள் முன்பே செத்த நரம்பை அது மீட்காது. பாதிப்பு தொடங்கி 6 மாதத்துக்குள் வந்தவர்களுக்கு, பிரெட்னிசலோன் கொடுத்து வீக்கத்தைத் தணித்தால் உணர்வு திரும்ப நல்ல வாய்ப்புண்டு. அரிப்பும் வலியும் இல்லாத, தொட்டால் தெரியாத வெளிர்ந்த தேமலைக் கண்டவுடன் காட்டச் சொல்வது இதற்காகத்தான்.