பெட்டிக்குள் ஒரு பாம்பன் பாலம்

நவராத்திரி வந்தால் மல்லேஸ்வரத்தில் நம் வீடுகளில் கொலு; கன்னடத்து அண்டை வீட்டாருக்கு அது கொம்பெ ஹப்ப. படிகளில் தெய்வங்களையும் செட்டியார் பொம்மையையும் வைத்த பிறகு, பக்கத்தில் பூங்காவும் ரயிலும் அமைப்பது பிள்ளைகளின் பங்கு. ஆனால் மாதக் கணக்கில் பாடுபட்டுச் செய்த ஒரு மாடலைத் திறந்த இடத்தில் வைத்தால் தூசி படிகிறது, குழந்தைகள் கை வைக்கிறார்கள். ரயிலைப் பார்க்கும் கண் அதன் பின்னால் இருக்கும் ட்ரங்குப் பெட்டியையும் சேர்த்தே பார்க்கிறது. இதற்கு நல்ல மாற்று, மாடல் செய்பவர்கள் 'ஷேடோ பாக்ஸ்' என்று சொல்லும் காட்சிப் பெட்டி. அதைச் செய்யும் முறையை, ஓய்வு பெற்றபின் நான் செய்த பாம்பன் பாலத்தை வைத்தே சொல்கிறேன்.

அந்த நாளில் ஊர்த் திருவிழாக்களில் பயாஸ்கோப் பெட்டி வருமல்லவா? துவாரத்தில் கண்ணை வைத்தால் வெளியுலகம் மறைந்து உள்ளே வேறோர் உலகம் தெரியும். தத்துவம் அதுதான். 1822இல் பாரிஸில் டகேர் என்பவர் பெரிய திரைச்சீலைகளில் காட்சிகளை எழுதி, விளக்கொளியை மாற்றிக் காட்டி அதற்கு 'டயோரமா' என்று பெயரிட்டார். பார்ப்பவர் எங்கிருந்து பார்க்க வேண்டும், எந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்பதைச் செய்பவரே தீர்மானிக்கிறார். காட்சிப் பெட்டியின் பலம் இதிலேதான் இருக்கிறது.

1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் பாலம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளம். 140க்கும் மேற்பட்ட கண்கள். ஒவ்வொரு கண்ணும் 40 அடி. 1:160 என்ற 'என் ஸ்கேலில்' செய்தாலும் முழுப் பாலம் ஏறத்தாழ 13 மீட்டர் வரும். எங்கள் வீட்டில் வாசலிலிருந்து சமையலறைச் சுவர் வரை அளந்தாலும் அவ்வளவு இல்லை. ஆகவே கண்ணை ஏமாற்றித்தான் ஆக வேண்டும்.

அதே ஸ்கேலில் 40 அடிக் கண் 76 மில்லிமீட்டர். பெட்டியின் இடது முன்பக்கத்தில் முதல் கண்ணை அந்த அளவில் வைத்தேன். அடுத்தது 66, அதற்கடுத்தது 57, பிறகு 50 என்று ஒவ்வொன்றையும் 13 சதவீதம் குறைத்துக்கொண்டே வலது பின்மூலைக்குக் கொண்டுபோனேன். பத்தாவது கண் வெறும் 22 மில்லிமீட்டர். நிஜ அளவில் 76 சென்டிமீட்டர் பிடிக்க வேண்டிய பத்துக் கண்கள் 44 சென்டிமீட்டரில் அடங்கிவிட்டன. தூணின் உயரம், தண்டவாள இடைவெளி, ஆட்கள் எல்லாமே அதே விகிதத்தில் குறைய வேண்டும். முன்னால் நிற்கும் தொழிலாளி 10 மில்லிமீட்டர் என்றால், கடைசிக் கண்ணருகே நிற்பவர் 3 மில்லிமீட்டர். மீதிப் பாலம் பின்திரையில் தூரிகையால் எழுதியதுதான்.

தண்டவாளத்தில் ஒரு நுணுக்கம். 2007 வரை அந்தப் பாலத்தில் மீட்டர் கேஜ்தான். ஒரு மீட்டரை 160ஆல் வகுத்தால் 6.25 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் என் ஸ்கேல் தண்டவாளம் 9 மில்லிமீட்டர். அதைப் போட்டால் ரயில்வேக்காரன் கண்ணுக்கு உடனே உறுத்தும். அதைவிடச் சிறிய 'இசட் ஸ்கேல்' தண்டவாளம் 6.5 மில்லிமீட்டர். அது சரியாகப் பொருந்தியது.

எந்தக் காட்சியை வைப்பது என்பதில் எனக்கும் பேரனுக்கும் விவாதம். "புயல்ல ரயில் பாலத்துலேர்ந்து விழுற மாதிரி வைங்க தாத்தா" என்றான். பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1964 டிசம்பர் 22 இரவு கடல் கொண்டுபோன பாசஞ்சர் வண்டி பாலத்தின்மேல் இல்லை. பாம்பனிலிருந்து புறப்பட்டு, தீவின் மறுகோடியில் தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்கியது. அதில் இருந்த அத்தனை பேரும் மாண்டார்கள். அதைப் பொம்மையாக்கிக் கொலுவில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதே புயலில் பாலத்தின் கர்டர்கள் நூற்றுக்கும் மேல் அடித்துச் செல்லப்பட்டன. ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினீயரின் பொறுப்பில் 46 நாளில் பாலம் திரும்ப எழுந்தது. பின்னாளில் டெல்லி மெட்ரோவைக் கட்டியவர் அவரே. கடலடியில் கிடந்த கர்டர்களை மீனவர்கள் கண்டு சொல்ல, அவற்றை எடுத்தே மறுபடி பொருத்தினார்கள். நான் வைத்தது அந்த 46 நாட்களில் ஒரு நாள்: கர்டர் இல்லாமல் நிற்கும் மொட்டைத் தூண்கள், இரு படகுகளுக்கிடையே கட்டித் தொங்கும் ஒரு கர்டர், சுற்றிலும் ஆட்கள். படகுக் காட்சி புகைப்படம் பார்த்துச் செய்ததல்ல, என் ஊகம்.

இனி பெட்டி. உள்ளளவு 60 சென்டிமீட்டர் அகலம், 40 உயரம், 45 ஆழம். 9 மில்லிமீட்டர் பிளைவுட். முன்பலகையில் ஜன்னல் 40க்கு 22 மட்டுமே. ஜன்னல் பெட்டியைவிடச் சிறியதாக இருந்தால்தான் பக்கச்சுவர்கள் தெரியாது. முன்பலகையின் உட்புறத்தில் பளபளப்பில்லாத கறுப்பு அடிக்க வேண்டும். பின்திரைக்குத் தடித்த சார்ட் பேப்பரை மூலைகளில் வளைத்து ஒட்டினால் வானத்தில் கோடு விழாது. அருகில் இருப்பவற்றுக்கு அழுத்தமான நிறம். தூரம் போகப் போக வெளிர் நீலச் சாம்பல். கடலுக்குப் பலகைமேல் டிஷ்யூ பேப்பரை ஃபெவிகாலால் சுருக்கி ஒட்டி, வண்ணமடித்து, முன்பகுதிக்கு மட்டும் வார்னிஷ் பூசினேன்.

விளக்கு கண்ணுக்குத் தெரியக் கூடாது. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய 12 வோல்ட் எல்.இ.டி. பட்டையை ஜன்னலுக்கு மேலே உட்புறமாக ஒட்டி, ஒளி பரவ பட்டர் பேப்பர் மறைப்புக் கட்டினேன். பழைய குண்டு பல்பு வேண்டாம். சூட்டில் பசை இளகும், பலகை வளையும். எல்.இ.டி.க்கும் பின்புறம் நாலு காற்றுத் துளைகள் அவசியம். கண்ணாடியின் மேல்விளிம்பு சற்று முன்னால் சாய்ந்திருக்கட்டும். அப்போது கூடத்து டியூப்லைட் அதில் பிரதிபலிக்காது.

இவ்வளவும் செய்து முதல் வருஷம் மூன்றாம் படியில் வைத்தேன். தாம்பூலத்துக்கு வந்தவர்களில் அடுத்த தெருப் பாட்டி ஒருவர்; எழுபத்தைந்து வயது, பிறந்த ஊர் பாம்பன் தீவில் தங்கச்சிமடம். ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "கடல் ஏன் தம்பி மேட்டுல ஏறுது?" என்றார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தப்பு என்னுடையதுதான். மேஜையில் பெட்டியை வைத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, என் கண் மட்டத்துக்குத் தொடுவானக் கோட்டை வரைந்திருந்தேன். கொலு பார்ப்பவர்கள் தரையில் அல்லவா உட்காருகிறார்கள்! கோடு அவர்கள் கண்ணுக்கு மேலே போய்விட, கடல் சரிவாகிவிட்டது.

தொடுவானம் எப்போதும் பார்ப்பவர் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். இந்த ஒரு விதி தவறினால் மற்ற எல்லா உழைப்பும் வீண். ஆகவே ஆணி அடிக்கும் முன்பே, பெட்டி வைக்கப்போகும் இடத்தில் உட்கார்ந்து டேப்பால் அளந்துகொள்ளுங்கள். எனக்குத் தரையிலிருந்து 72 சென்டிமீட்டர் வந்தது. பின்திரையைப் புதிதாக எழுதி, பெட்டியைக் கீழ்ப்படிக்கு இறக்கினேன்.

மறு வருஷம் பாட்டி வந்தார். நெடுநேரம் பார்த்தார். "அப்ப ரோட்டுப் பாலம் ஏது? இது எழுந்து நிக்கிற வரைக்கும் எங்களுக்குப் படகுதான் தம்பி" என்றார். சாலைப் பாலம் திறந்தது 1988இல். புயலுக்குப் பின் அந்த 46 நாட்களில் தீவுக்கும் கரைக்கும் இடையே வேறு வழி இருந்ததில்லை. பேரன் அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, படகு எங்கே வந்து நிற்கும், அரிசி எப்படி வந்தது என்று கேட்க ஆரம்பித்தான். சுண்டல் ஆறிப்போனது.

பழைய பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறந்தாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் ஊரைவிட்டு வந்தபோது விட்டுவந்த ஒரு ஸ்டேஷனோ, குளக்கரையோ, கடைத்தெருவோ இருக்கும். நவராத்திரிக்கு ஆறு மாதம் முன்னதாக ஆரம்பியுங்கள். வீட்டுப் பெரியவரை முதலில் உட்காரவைத்துக் காட்டுங்கள். பிழை எங்கே என்று அவர் சொல்லிவிடுவார்.