சீமைக் கருவேலம்: மரம் போச்சு, தூர் போச்சா?

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்களில் பலருக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். தாத்தா மிளகாய் போட்ட இரண்டு ஏக்கர், இப்போது உள்ளே கால் வைக்க முடியாத முள்ளுக்காடு. ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி பக்கம் பத்து வருஷம் உழாமல் விட்ட நிலத்தில் பெரும்பாலும் இதுதான் கதை. சீமைக் கருவேலம், சீமைக் கருவை, வேலிக்காத்தான் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும், முள் ஒன்றுதான்.

விசாரித்தால், விறகு வியாபாரி ஒருவர் வருவார். நிலத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “அண்ணே, நீங்க ஒரு பைசா செலவு பண்ண வேணாம். மரத்தை நாங்களே வெட்டிக்கிறோம், கையில காசும் தர்றோம்” என்பார். சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ மூன்று நாள் லீவில் வந்தவருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்காது. சரி என்று சொல்லிவிட்டு ரயில் ஏறுவார்.

அடுத்த பொங்கலுக்கு வந்து பார்த்தால் காடு திரும்ப வந்திருக்கும். முன்பு ஒரு தண்டு இருந்த இடத்தில் இப்போது ஏழெட்டு.

இதில் வியாபாரி ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது. அவர் மரத்தைத்தான் வாங்கினார். தூரைப் பற்றி யாரும் பேசவில்லை. தூரை விட்டுவைப்பதில் அவருக்கு நஷ்டமும் கிடையாது. துளிர்த்து வளர்ந்தால் சில வருஷத்தில் அடுத்த வெட்டு தயார்.

உயிர் எங்கே இருக்கிறது?

இந்த மரத்தின் வேர் பாதாளம் வரை போகும் என்பது ஓரளவு உண்மைதான். அமெரிக்காவின் அரிசோனாவில் சுரங்கம் தோண்டிய இடத்தில், இதே குடும்பத்து மரம் ஒன்றின் வேர் 50 மீட்டருக்கும் கீழே பதிவாகியிருக்கிறது. இதைக் கேட்டதும், “இதை எப்படிங்க வேரோட எடுக்கிறது?” என்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள்.

ஆனால் அவ்வளவு ஆழம் தோண்டத் தேவையே இல்லை. மீண்டும் துளிர்ப்பதற்கான மொட்டுகள் ஆழத்து வேரில் இல்லை. தண்டும் வேரும் சேரும் தூர்ப் பகுதியில், மண்ணுக்குள் சுமார் ஒரு அடிக்குள் இருக்கின்றன. அந்தக் கட்டை முழுசாக வெளியே வந்துவிட்டால், கீழே அறுந்து நிற்கும் வேர் மக்கிப்போகும். தரைமட்டத்துக்கு மேலே எவ்வளவு ஒட்ட வெட்டினாலும், மொட்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். கோடாரி வெட்டு அதற்குக் கவாத்து மாதிரிதான்.

தூரில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துவது, பழைய என்ஜின் ஆயில் ஊற்றுவது, மூட்டை மூட்டையாக உப்புக் கொட்டுவது என்று நாட்டு வைத்தியங்கள் நிறைய உண்டு. நெருப்பு மேல்கட்டையைக் கருக்கும். மண்ணுக்குள் இருக்கும் மொட்டு பெரும்பாலும் தப்பிவிடும். ஆயிலும் உப்பும் மரத்தைவிட மண்ணைத்தான் முதலில் கெடுக்கும். ஆஸ்திரேலியாவில் டிரைக்ளோபைர் போன்ற களைக்கொல்லியை டீசலில் கலந்து அடித்தண்டில் பூசுகிறார்கள். அது மேய்ச்சல் வெளிகளுக்கான முறை. நாளை மிளகாயோ எள்ளோ போடப்போகும் இரண்டு ஏக்கருக்கு, இயந்திரம் வைத்துத் தோண்டுவதுதான் நேர்வழி.

எப்போது, எப்படி?

சின்னக் கன்று என்றால் மழை பெய்த ஈரத்தில் கடப்பாரையும் மண்வெட்டியும் போதும். வளர்ந்த மரத்துக்கு ஜேசிபிதான். இதில் காலம் முக்கியம். சித்திரை வெயிலில் இறுகிய மண்ணில் இழுத்தால் தூர் பாதியில் உடைந்து, மிச்சம் உள்ளேயே தங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண்ணுக்குள் வண்டி இறக்கினால் வண்டியே புதைந்துபோகும். மழை ஓய்ந்து, மேல்மண் காய்ந்து, அடியில் ஈரம் இருக்கும் தை, மாசிதான் தோது. பொங்கல் லீவும் அப்போதுதான் வருகிறது.

மரத்தை அடியோடு வெட்டிவிட்டு, பிறகு தூரைத் தோண்டச் சொல்வது இரட்டைச் செலவு. இடுப்பளவு தண்டை விட்டுவைத்தால், அதைப் பிடித்து நெம்ப வண்டிக்கு வசதி. எடுத்த தூரும் வீண் இல்லை, கரிமூட்டத்துக்குப் போகும். ஆகவே வியாபாரியிடம் பேச்சை “தூரோட எடுத்தா என்ன ரேட்?” என்று ஆரம்பிப்பது நல்லது. கையில் வரும் காசு குறையும். சில இடங்களில் ஒன்றும் வராமலும் போகலாம், வண்டி வாடகையில் ஒரு பங்கு கொடுக்க வேண்டியும் வரலாம். வெட்டிய முள்ளை யார் அள்ளுவது, குழியை யார் மூடுவது என்பதையும் அப்போதே பேசிவிட வேண்டும். சிதறிக் கிடக்கும் முள் டிராக்டர் டயரையும் விடாது, செருப்பையும் விடாது.

வண்டி இறங்கும் முன் பார்க்க வேண்டியது எல்லைக்கல். புதருக்குள் மறைந்திருக்கும் சர்வே கல்லை ஜேசிபி வாளி தூரோடு சேர்த்து அள்ளிவிட்டால், முள்ளுப் பிரச்சினை முடிந்து பக்கத்து நிலத்துக்காரரோடு வரப்புப் பிரச்சினை ஆரம்பிக்கும். பட்டாவோடு, அரசு இணையதளத்தில் கிடைக்கும் புலப்படத்தையும் போனில் எடுத்து வைத்துக்கொண்டு, கல் இருக்கும் இடங்களை முதலில் கையால் சுத்தம் செய்து கம்பு நட்டுவிடலாம். நிலத்தை ஒட்டிய கண்மாய், புறம்போக்கில் நிற்கும் மரத்தில் கை வைக்கக் கூடாது. அது அரசுச் சொத்து. ஏலம் வழியாகத்தான் போகும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. முள் இருக்கிறது என்பதற்காக நாட்டுக் கருவேலத்தையும் வன்னியையும் சேர்த்துச் சாய்த்துவிடுகிறார்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணி கோத்த மாலை போல இருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீண்ட கதிர், காய் நீண்டு இனிப்பாக இருக்கும். இந்த மரம் 1877 வாக்கில்தான் இந்தியாவுக்கு வந்தது. அந்த இரண்டும் நம் மண்ணின் மரங்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையையே நிறுத்திவிடும் என்று இதைப் பற்றிச் சுற்றும் வாட்ஸ்அப் செய்திக்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அந்தப் பழி இல்லாமலே இதை எடுக்கப் போதுமான காரணம் உண்டு.

தூர் போன பிறகு

2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவை அடுத்து, தென் மாவட்டங்களில் பெரிய அளவில் மரங்கள் வெட்டப்பட்டன. அந்நியத் தாவரங்களை அகற்ற 2022-ல் தமிழக அரசு ஒரு கொள்கையையே வெளியிட்டது. அந்தக் கொள்கையின் பெயரிலேயே அகற்றலோடு சூழல் மீட்பும் சேர்ந்திருக்கிறது. எடுத்த இடத்தைச் சும்மா விட்டால் என்ன ஆகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மண்ணில் விழுந்த விதை பல வருஷம் உயிரோடு கிடக்கும். முதல் மழைக்கே நூற்றுக்கணக்கில் முளைக்கும். “ஆட்டை விட்டா தின்னு தீர்த்துடும்” என்பது இங்கே பலிக்காது. ஆடு இலையைப் பெரும்பாலும் தொடாது. காயை விரும்பித் தின்னும். விதை செரிக்காமல் புழுக்கையோடு, எருவும் சேர்ந்து, வயல் முழுக்க விழும். தூர் எடுத்த நிலத்தில் முதல் இரண்டு, மூன்று வருஷம் வெளி ஆட்டுக் கிடை போடாமல் இருப்பது உத்தமம்.

அந்த வருஷங்களில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் ஓர் உழவு, கையால் ஒரு பிடுங்கல். விரல் நீளக் கன்று சுலபமாக வரும். ஒரு வருஷம் விட்டால் திரும்பக் கடப்பாரைதான். எள், தட்டைப்பயறு, கம்பு என்று எதையாவது விதைத்து நிலத்தை மூடி வைக்கலாம். நிழலில் இந்தக் கன்றுகள் தேறுவதில்லை என்பதால், ஓரங்களில் வேம்போ புங்கனோ வைப்பதும் உதவும்.

இதை ஊரில் இல்லாதவர் செய்ய முடியாது. நிலத்தைப் பார்த்துக்கொள்ள சித்தப்பாவோ, குத்தகைக்கு ஒருவரோ ஒப்புக்கொண்ட பிறகு ஜேசிபிக்குச் சொல்வதுதான் சரியான வரிசை. ஆள் இல்லை என்றால், இந்த வருஷம் மரம் நிற்கட்டும். கரிமூட்டத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் அந்தப் பக்கம் நிறைய இருக்கின்றன. விறகாவது அவர்களுக்குப் போகும்.