ஆற்றில் மிதக்கும் முட்டை யாருடையது?

ஆற்றில் வேற்று மீன் ஒன்று சிக்கினால், எங்கிருந்தோ தப்பி வந்தது என்று விட்டுவிடலாம். அதன் முட்டை சிக்கினால் அப்படி விட முடியாது. அது அங்கேயே குடித்தனம் தொடங்கிவிட்டது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஈரி ஏரியில் கலக்கும் சான்டஸ்கி ஆற்றில் இதுதான் நடந்தது. 2015-ல் வெள்ளத்தையொட்டி அங்கே வலையில் கிடைத்த முட்டைகள் புல்கெண்டையுடையவை என்று மரபணுப் பரிசோதனை காட்டியது. ஆம், நம் பண்ணைக் குளங்களில் வளர்க்கும் அதே மீன். நீர்க்களையை மேய்வதற்காக 1963-ல் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். களையோடு நிற்காமல், ஏரியோரச் சதுப்பிலுள்ள செடிகளையும் தின்று தீர்த்துவிடுமோ என்பதே அங்குள்ள பயம்.

முட்டையைப் பார்த்தாலே தெரியாதா? பல நேரம் தெரியாது. நீரில் ஊறி உப்பிய முட்டை கண்ணாடி மணி போல இருக்கும். வேறு மீன்களின் முட்டையும் அதோடு கலந்து வரும். நசுங்கியிருந்தால் தேர்ந்த கண்ணும் தடுமாறும்.

சரி, எப்படிச் சோதிக்கிறார்கள்? கொரோனா காலத்தில் கேள்விப்பட்ட அதே பி.சி.ஆர் (குறிப்பிட்ட மரபணுத் துண்டை மட்டும் பல கோடி நகலாகப் பெருக்கும் முறை) இங்கும் உதவுகிறது. முட்டைகளை எரிசாராயத்தில் போட்டுவைப்பார்கள்; ஃபார்மலினில் போட்டால் அது டி.என்.ஏ-வைக் கெடுத்துவிடும். ஒவ்வொரு முட்டையாகச் சோதித்தால் செலவு கட்டாது. ஒரு குப்பியை மொத்தமாகச் சோதித்து, 'உண்டு' என்று வந்தால் மட்டும் அதிலுள்ளவற்றைப் பிரித்துப் பார்க்கலாம்.

ஆற்று நீரையே சோதித்தால் போதாதா? நீரில் மிதக்கும் டி.என்.ஏ மீனின் சளியிலிருந்தோ கழிவிலிருந்தோ வந்திருக்கலாம். அந்த மீனைத் தின்ற பறவையின் எச்சத்திலிருந்தும் வரலாம். மீனின் தடம் அங்கே உண்டு என்று மட்டுமே அது சொல்லும். இனப்பெருக்கத்துக்கு முட்டையோ குஞ்சோதான் சாட்சி.

தெரிந்து என்ன பயன்? இதுதான் முக்கியம். புல்கெண்டை முட்டை ஓடும் நீரில் மிதந்தபடியே ஓரிரு நாளில் பொரியும். கரு எவ்வளவு வளர்ந்திருக்கிறது, நீரின் வெப்பம் என்ன, ஓட்டம் என்ன என்று பார்த்தால், தாய்மீன் எப்போது, ஆற்றின் எந்த இடத்தில் முட்டையிட்டது என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். ஆறு முழுக்க வலை வீசாமல், வெள்ளம் வரும் நாளில் அந்த இடத்தில் காத்திருந்து பெரிய மீன்களைப் பிடிக்கலாம். இன்னொன்றும் புரியும்: ஒஹையோவில் மும்மடி மீன் (மூன்று தொகுதி மரபணு கொண்டு, மலடாக்கப்பட்டது) மட்டுமே விற்கலாம். முட்டை கிடைத்தது என்றால் மலடல்லாதவையும் ஆற்றுக்குள் இருக்கின்றன.

'இல்லை' என்று முடிவு வந்தால் நிம்மதியா? அவசரப்படாதீர்கள். வலை வீசிய நாளில் முட்டை அந்த வழியாக வரவில்லை, அவ்வளவுதான். அடுத்த வெள்ளத்திலும் வீசிப் பார்க்க வேண்டும்.

என் குளத்திலும் புல்கெண்டை இருக்கிறதே என்கிறீர்களா? தேங்கிய நீரில் அது தானாக இனம் பெருக்காது. அதனால்தான் பொரிப்பகங்களில் ஊசி போட்டு முட்டையிட வைக்கிறார்கள். மழையில் கரை உடைந்து மீன் ஆற்றுக்குப் போனால் கதை வேறு. மழைக்கு முன்பே கரையைப் பலப்படுத்தி, நீர் வெளியேறும் வழியில் வலை கட்டிவிடுங்கள்.